பாப்-அப் தொல்லையை நிறுத்தித் தருவதாகச் சொல்லி 6,800 ரூபாய் வாங்கிய கணினிக் கடை: எச்சரிக்கைப் பதிவு

அப்பாவின் மடிக்கணினியில் ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்த பாப்-அப் விளம்பரங்களை நிறுத்துவதற்காக, தஞ்சாவூரில் உள்ள ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடைக்கு 6,800 ரூபாய் கொடுத்தேன். உலாவியின் அமைப்புகளுக்குள் சென்றால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடக்கூடிய வேலை அது என்பதும், கடைக்காரர்கள் அதைத் தொடாமல் வேறு என்னென்னவோ செய்து, கொடுத்ததைவிட மோசமான நிலையில் கணினியைத் திருப்பித் தந்திருக்கிறார்கள் என்பதும் நேற்றிரவுதான் தெரியவந்தது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டுக் கணினியைப் பாதுகாப்பது எப்படி என்பதையும் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா ஓய்வுபெற்றவர். நாளிதழ் படிப்பதும், வங்கியில் ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும்தான் அவர் அந்தக் கணினியில் செய்பவை. சில மாதங்களாகத் திரையின் வலது கீழ்மூலையில், பெயர்பெற்ற ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் சின்னங்களோடு, "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன", "உங்கள் பாதுகாப்பு உரிமம் இன்றுடன் முடிகிறது" என்ற பொருளில் ஆங்கில அறிவிப்புகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. விண்டோஸே அனுப்பும் அறிவிப்பைப் போன்ற தோற்றத்தில் அவை இருந்ததால், அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கவே அஞ்சத் தொடங்கிவிட்டார்.

கடையில் இருந்த இளைஞர் மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பென்டிரைவிலிருந்து ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரச்சினைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டிய திரையை என் பக்கம் திருப்பினார். "சார், அப்பா நெட் பேங்கிங் இதுலதானே பார்க்குறாரு? இப்படியே விட்டா நாளைக்கு அக்கவுண்ட்ல ஒண்ணும் இருக்காது. எங்க அப்பா லேப்டாப்பா இருந்தா என்ன செய்வேனோ அதைத்தான் சொல்றேன்" என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் கணினியை ஒப்படைத்தது அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுத்தான். விற்பவன் குரலில் அவர் பேசவில்லை. வீட்டுப் பிள்ளையின் குரலில் பேசினார். அந்தச் சிவப்புத் திரையில் இருந்தவற்றில் பெரும்பகுதி, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சேரும் குக்கீகள் என்ற சிறு கோப்புகளும், நீக்கப்பட்ட மென்பொருள்கள் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) விட்டுச்சென்ற மிச்சங்களும்தான் என்பதையும், புதிதாக வாங்கிய கணினியில் ஓடவிட்டாலும் அந்த வகை மென்பொருள் நூற்றுக்கணக்கில் ஏதாவது காட்டும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன்.

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதற்கு 1,200 ரூபாய், கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைப்பதற்கு 2,000 ரூபாய், மூன்றாண்டு உரிமத்தோடு ஆண்டிவைரஸுக்கு 3,600 ரூபாய், ஆக மொத்தம் 6,800 ரூபாய் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். பில் கேட்டதற்கு, "சிஸ்டம் டவுன் சார், வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஒரு வாரம்கூட நிம்மதி நீடிக்கவில்லை. அதே மூலையில் அதே அறிவிப்புகள் மீண்டும் வரத் தொடங்கின. தொலைபேசியில் அழைத்தபோது, "நீங்க எந்த சைட்டுக்குப் போனீங்களோ, அதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்றார் அந்த அன்பான இளைஞர். நேரில் போனால் டெக்னீசியன் விடுப்பு. மறுமுறை போனால் உரிமையாளர் சென்னைக்குப் போயிருக்கிறார். ஒருநாள் உரிமையாளரே அகப்பட்டார். அவர் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், "சர்வீஸுக்கு வாரன்டி கிடையாது, ஹார்டுவேருக்குத்தான். பில் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பில்லைத் தராதவரே பில் எங்கே என்று கேட்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது! 6,800 ரூபாய் வாங்கும்போது எழுதித் தந்த துண்டுச்சீட்டைக் காட்டினேன். அது வெறும் எஸ்டிமேட் என்று சொல்லிவிட்டு வேறொரு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் எதையும் நிறுவாமல், குரோம் உலாவியில் அமைப்புகள், தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகச் சென்றான். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் யாருமே கேள்விப்பட்டிராத முகவரிகள் நின்றன. இலவசமாக நாளிதழ்களைத் தரும் ஏதோ ஒரு தளம், "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய 'அனுமதி' என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டு இந்த அனுமதியைக் கறந்திருக்கிறது. அவற்றை நீக்கியதும் எல்லாம் அடங்கியது. வைரஸே தேவைப்படாத தொல்லை இது. தலைவலி என்று வந்தவனுக்கு மண்டையைப் பிளந்து, அதற்கு 6,800 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் பணம் போயிற்று என்று விட்டிருப்பேன். கணினியோடு வந்தது முறையான உரிமம் உள்ள விண்டோஸ் ஹோம் பதிப்பு. அதையே மறுபடி நிறுவியிருந்தால், இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானாகவே உறுதியாகியிருக்கும். இவர்களோ அதை அழித்துவிட்டு, உரிமம் வாங்காமலேயே வாங்கியதுபோல் காட்டும் திருட்டு ஆக்டிவேட்டரோடு புரோ பதிப்பை ஏற்றியிருக்கிறார்கள். அது பிடிபடாமல் இருப்பதற்காக, விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் டிஃபெண்டர் பாதுகாப்பில் ஒரு கோப்புறையையே விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதாவது, அந்தக் கோப்புறையில் எந்தத் தீய நிரல் வந்து உட்கார்ந்தாலும் காவலன் அங்கே எட்டிப்பார்க்க மாட்டான். வைரஸை ஒழிக்கக் கொடுத்த கணினிக்கு இது நடந்திருக்கிறது. மூன்றாண்டு உரிமம் என்று 3,600 ரூபாய்க்குத் தந்த ஆண்டிவைரஸ், யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய இலவசச் சோதனைப் பதிப்பு. அதன் காலமும் முடிந்துவிட்டது. கோப்புகளைக் காக்க 2,000 ரூபாய் வாங்கியவர்கள் டி டிரைவை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பில் இருந்தவை விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்குள் அடங்கும் என்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் அழித்திருக்கிறார்கள். அம்மாவின் மருத்துவ அறிக்கைகளை அப்பா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருந்தது அங்கேதான்.

விளக்கமாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன்பு உலாவியின் அறிவிப்பு அனுமதிகளைப் பாருங்கள். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி அழைக்கச் சொன்னால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. கணினியைக் கொடுக்கும் முன் டெஸ்க்டாப்பில் உள்ளவற்றை நீங்களே வேறோர் இடத்தில் நகலெடுங்கள். திரும்ப வாங்கும்போது, விண்டோஸ் பதிப்பு மாறியிருக்கிறதா, டிஃபெண்டரில் விலக்குகள் ஏதேனும் சேர்ந்திருக்கின்றனவா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் இன்று காலை புகாரைப் பதிவுசெய்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால், 6,800 ரூபாய் திரும்பி வராவிட்டால் அங்கும் போவேன். துண்டுச்சீட்டும், பணம் செலுத்தியதற்கான யுபிஐ பதிவும், ஆக்டிவேட்டர் கோப்புறையின் திரைப்பிடிப்புகளும் கைவசம் இருக்கின்றன.