நெக் பூச்சுக் குழாய்கள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

துகள் முடுக்கியில் வெற்றிடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குழாயின் உட்சுவர்தான். கற்றை ஓடும்போது சின்க்ரோட்ரான் ஒளி (வளைந்து ஓடும் துகள்கள் உமிழும் ஒளி) சுவரில் பட்டு, ஒட்டியிருக்கும் வாயுவைக் கிளப்பிவிடும். குழாய் ஒடுக்கமாக இருந்தால் அந்த வாயு பம்ப் வரை போய்ச் சேருவதே பெரும்பாடு. எங்கள் சேமிப்பு வளையத்தில் இதற்காகத்தான் டைட்டானியம், சிர்க்கோனியம், வனேடியம் மூன்றும் கலந்த நெக் (NEG, ஆவியாகாமல் வாயுவை உறிஞ்சிப் பிடிக்கும் உலோகம்) பூச்சுக்குப் போனோம். இத்தனை வருடம் ஓட்டிய பிறகும் எனக்கு இதன் மேல் மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

1990களில் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் பென்வெனூட்டி குழுவினர் உருவாக்கிய பூச்சு இது. தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். 180 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்தால் மேலே இருக்கும் ஆக்சைடு, பூச்சுப் படலத்துக்குள்ளேயே கரைந்து, புது உலோகப் பரப்பு வெளிப்படும். அதன்பின் சுவரே பம்ப்பாக வேலை செய்கிறது. செர்னின் பெரிய முடுக்கியான எல்எச்சியில் அறை வெப்பநிலையில் இருக்கும் பகுதிகளில் சுமார் 6 கிலோமீட்டர் குழாய்க்கு இதைப் பூசியிருக்கிறார்கள். ஸ்வீடனின் மாக்ஸ் 4 சின்க்ரோட்ரான் ஒளி மையம் இன்னும் துணிச்சல்: 528 மீட்டர் வளையத்தில் ஏறக்குறைய எல்லாக் குழாய்களிலும் இதுதான்.

சூடேற்றும் வரிசையில் அவசரம் கூடாது. முதலில் பூச்சில்லாத பாகங்கள், அளவிகள், வால்வுகளை நன்றாகச் சுட வைக்க வேண்டும். அதுவரை பூச்சுள்ள குழாய் மிதமான சூட்டில் இருக்கட்டும். அவை கக்கும் நீராவி போன பிறகே குழாயை 180க்கு ஏற்றுவோம். ஆறியதும் மிஞ்சிய வாயுக்களை மூலக்கூறு நிறை எண் வாரியாகக் காட்டும் வாயுப் பகுப்பானின் திரையைப் பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷம்: 18 (நீராவி), 28 (கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன்), 44 (கார்பன் டை ஆக்சைடு) எல்லாம் சரிந்து, ஹைட்ரஜனின் 2 மட்டும் முன்னால் நிற்கும்.

16 (மீத்தேன்), 40 (ஆர்கான்) இரண்டும் அப்படி இறங்காது. இவற்றை நெக் தொடாது; பக்கத்தில் அயனி பம்ப் கட்டாயம் வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை மொத்த அழுத்தம் அழகாக இருந்தது, 40 மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்புத் தட்டு) ஒன்றில் சிறு கசிவு. உள்ளே வந்த நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பூச்சு விழுங்கிவிட, ஆர்கான் மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால் மொத்த அழுத்தத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 40ஐ வாரம் தவறாமல் குறித்து வையுங்கள்.

குறை என்று சொன்னால், வயதாவதுதான். ஹைட்ரஜன் சூடேற்றும்போது வெளியே வந்துவிடும். ஆக்சிஜன், கார்பன் எல்லாம் படலத்துக்குள்ளேயே தங்கிவிடும். காற்றுக்குத் திறந்து மறுபடி சூடேற்றும் ஒவ்வொரு தடவையும் கொள்திறன் கொஞ்சம் போகும், போகப்போக இன்னும் அதிகச் சூடு கேட்கும். எங்கள் வளையத்தில் அடிக்கடி திறந்த பகுதிக்கும் ஒருமுறைகூடத் திறக்காத பகுதிக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. அப்புறம்தான் பராமரிப்பு வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே திறப்பில் முடிக்கப் பழகினோம். எல்எச்சி சோதனைக்கூடங்களில் குழாய்க்குள் காற்றை விடாமல் மிகத் தூய நியான் நிரப்புவதும் இதற்காகத்தான். நியானைப் பூச்சு உறிஞ்சாது.

எலக்ட்ரான் மேகம் (குழாய்க்குள் பெருகிக் கற்றையைக் குலைக்கும் எலக்ட்ரான் கூட்டம்) மட்டுமே உங்கள் தலைவலி என்றால், செர்னின் இன்னொரு முடுக்கியான எஸ்பிஎஸ்ஸில் பயன்படுத்தும் கார்பன் பூச்சையும் பாருங்கள். அதற்குச் சூடேற்றும் வேலை இல்லை. ஆனால் வாயுவை இழுக்கும் பம்ப் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.