ஒயின் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லும் தகடு: வேலூரில் நாலு வருஷம் வைத்துப் பார்த்தேன்

2019 பிப்ரவரியில் மிலான் தோல் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, எங்களிடம் பல வருஷமாகச் சரக்கு எடுக்கும் இத்தாலிக்காரர் ஒருவர் இதைக் கையில் கொடுத்தார். வீட்டுச் சாவி அளவுக்கு ஒரு எஃகுத் தகடு. அதில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செம்புப் பொட்டு. செம்போடு கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் கலந்த உலோகம் என்று கூடவே இருந்த காகிதம் சொன்னது. கிளாஸில் ஊற்றிய ஒயினில் அதை ஒரு நொடி முக்கி எடுத்தால், அந்த ஒயின் இன்னும் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடுமாம். ஐந்து நொடி முக்கினால் ஐந்து வருஷம். எத்தனையாவது நொடியில் சுவை விழுகிறதோ, அத்தனை வருஷத்துக்குள் பாட்டிலைக் காலி செய்துவிட வேண்டும்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் தொழில். ராணிப்பேட்டையில் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) லேபில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும், ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இருந்து நாங்கள் எடுப்பதும் ஒரே குடும்பத்துச் சரக்கு, டானின். தோலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் தோல் பதமாகிறது. எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் வாய் வறள்கிறது. ஒயின் பழசாகும்போது இந்த டானினும் திராட்சைத் தோலின் நிறமும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்துப்போய் மெல்ல அடியில் வண்டலாக இறங்கும். துவர்ப்பு அடங்கும், கத்திரிப்பூ நிறம் செங்கல் நிறமாகும்.

சரி, சோதித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஊர் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால் நானும் கூட வந்த இருவரும் தலைக்கு இரண்டு பாட்டிலாக ஆறு பாட்டில் கியாந்தி கிளாசிகோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின் வாங்கிவந்தோம். எல்லாம் 2016 அறுவடை. அதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே என்ற ஒரே திராட்சைதான் இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் விதி. ஆறும் ஒரே தயாரிப்பு என்பதால் ஒப்பிடச் சுலபம்.

மார்ச்சில் முதல் பாட்டிலைத் திறந்து, எட்டுக் கிளாஸில் ஊற்றி, ஒன்று முதல் எட்டு நொடி வரை முக்கினேன். உண்மையாகவே வித்தியாசம் தெரிந்தது. மூன்று, நாலு நொடியில் துவர்ப்பு கொஞ்சம் இறங்கி வாசனை திறந்தது. அதற்கு மேல் சுவை விழ ஆரம்பித்து, எட்டாவதில் சப்பென்று ஆனதோடு நாக்கில் செம்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. நோட்டில் எழுதினேன்: நாலு வருஷம், அதாவது 2023 வரை நன்றாக இருக்கும்.

மீதி ஐந்தில் மூன்றைப் படுக்கையறை அலமாரியில் படுக்க வைத்தேன். இரண்டைப் பழைய ஃபிரிட்ஜில் வைத்து, வெளியே ஒரு தெர்மோஸ்டாட் மாட்டி 14 டிகிரியில் நிறுத்தினேன். இந்த ஒரு காரியத்தைத்தான் நான் சரியாகச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

2020 கத்திரி முடிந்து ஜூனில் அலமாரி பாட்டில் ஒன்றை எடுத்தேன். சத்துவாச்சாரியில் எங்கள் மாடி வீட்டில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் அறைக்குள் 36 டிகிரி காட்டும். கார்க் இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளிக்கொண்டு நின்றது, பாட்டில் கழுத்தில் பிசுபிசுவென்று ஒழுகிய தடம். சூட்டில் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது, ஆறியதும் அதே வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஒயின் டிகாக்ஷன் நிறத்தில், வெல்லப்பாகில் காய்ந்த திராட்சையைப் போட்டுக் கொதிக்கவிட்ட மாதிரி இருந்தது. தகடு நாலு வருஷம் என்றது, வேலூர் வெயில் இரண்டே கோடையில் முடித்துவிட்டது.

2021இல் அலமாரியில் இருந்து ஒன்று, ஃபிரிட்ஜில் இருந்து ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். 2023 மார்ச்சில் கடைசி ஜோடி. அலமாரியில் இருந்ததை ஒரு வாய்க்கு மேல் யாரும் தொடவில்லை. ஃபிரிட்ஜில் இருந்தது அருமையாக இருந்தது. கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம், அடியில் மெல்லிய வண்டல், துவர்ப்பு பட்டுப்போல மடிந்திருந்தது. நாவல்பழத்தில் லேசாகப் புகை ஏறிய மாதிரி ஒரு வாசம்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்த ஃபிரிட்ஜ் பாட்டிலைப் பார்த்து, தகடு சொன்ன நாலு வருஷம் பலித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் 2019இல் நாலு நொடி முக்கிய கிளாஸ் இந்த ஒயின் மாதிரியே இல்லை. அன்று நிறம் ஒரு இழைகூட மாறவில்லை, வண்டல் கிடையாது, இந்தப் புகை வாசமும் கிடையாது. டானின் கோத்துக்கொள்ள நாள் வேண்டும். ஆவாரம் பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் தோல் ஊறியதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் நாலு நொடியில் அது நடக்கும் என்றால் எப்படி நம்புவார்கள்? ஆவாரம் பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும், அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய் போடுகிறோம். எந்தத் தோல் எவ்வளவு சிவக்கும் என்பது அது எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒயினும் அப்படித்தான். பாட்டில் எந்த அறையில் தூங்கப்போகிறது என்பது அந்தச் செம்புப் பொட்டுக்கு எப்படித் தெரியும்?

நொடிக் கணக்கையும் கண்ணை மூடிச் சோதித்தேன். வேறொரு பாட்டிலில் மூன்று கிளாஸ், அதில் ஒன்று மட்டும் இரண்டு நொடி முக்கியது, இடம் மாற்றி மாற்றி மகன் நீட்டினான். ஒன்பது தடவையில் நாலு முறைதான் சரியாகச் சொன்னேன். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்று வரும்.

ஆனாலும் தகட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஒருநாள் விருந்துக்கு வந்த என் மச்சான், அவரும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை பார்ப்பவர், ஒரு பாட்டிலைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “என்ன மச்சான், ஞாயித்துக்கிழமையும் தொட்டி வாசம் அடிக்குது?” என்றார். எனக்கும் அதே அழுகின முட்டை வாடைதான் வந்தது. ஹைட்ரஜன் சல்பைடு. திராட்சைச் சாறு புளிக்கும்போது ஈஸ்ட் சில சமயம் இதைக் கக்கிவிடும். தகட்டை இரண்டு நொடி முக்கி ஆட்டினேன், வாடை போயே போய்விட்டது. செம்பு அதைப் பிடித்து வாசமில்லாத செம்புச் சல்பைடாக மாற்றிவிடுகிறது. அப்புறம் இன்னொரு கிளாஸில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சாதாரணச் செம்புக் கம்பியை முக்கினேன். அதுவும் அதே வேலையைச் செய்தது.

ஆகவே வாங்கலாமா என்று கேட்டால், கணிப்புக்காக வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல வெப்பமானியும் தெர்மோஸ்டாட்டும் வாங்குங்கள். 12லிருந்து 14 டிகிரி, வெளிச்சம் படாத இடம், பாட்டில் படுத்த நிலை. நம் ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் வைக்க நினைத்தால் இது இல்லாமல் முடியாது. பாட்டிலை வைத்த தேதியை லேபிள் மேலேயே பென்சிலில் எழுதிவிடுங்கள். ஒரே ஒயினில் மூன்று பாட்டிலாவது வாங்கினால், வருஷத்துக்கு ஒன்று திறந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஃபிரிட்ஜில் நாலு பாட்டில் இருக்கிறது. போன மேயில் கரண்ட் ஆறு மணி நேரம் போனது. கதவைத் திறக்காமல் விட்டதில் 19 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.