பெய்லி பாலமா, விரைவு சிமெண்டா, அச்சு இயந்திரமா? வெள்ளம் வடிந்த மறுநாள் எது கைகொடுக்கும்

2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த மழை ஓய்ந்து மூன்றாம் நாள். செபராங் பிறையில் ஒரு பழைய தோட்டத்துக்குப் போகும் பாதையில் நின்றிருந்தேன். ஓடைக்கு மேலிருந்த சின்னப் பாலத்தைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. இரண்டு தென்னை மரங்களைப் போட்டு, மேலே பலகை அடித்திருந்தார்கள். ஓர் அக்கா சமையல் கேஸ் தோங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அதன்மேல் நடந்து வந்தார். டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நான் சாலை, கால்வாய் வேலை செய்யும் குழுவில் மேற்பார்வையாளன். "எப்பண்ணே லோரி உள்ள வரும்?" என்று அங்கிருந்த பையன்கள் கேட்டார்கள். புதுக் கான்கிரீட் பாலம் என்றால் மாதக்கணக்கு. அதை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து விரைவுக் கட்டுமானம் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இதில் முன்னே போனவர்கள் இராணுவப் பொறியாளர்கள். குண்டு விழுந்த ஓடுபாதையோ, இடிந்த பாலமோ, அவர்கள் போடும் கணக்கு ஒன்றுதான்: முதல் வண்டி எத்தனை மணிக்குக் கடக்கும்? நானும் அந்தக் கணக்கை வைத்தே இவற்றை எடை போடுகிறேன்.

முதலில் பெய்லி பாலம். பேனல் எனப்படும் எஃகுச் சட்டங்களைக் கோத்துப் போடும் பாலம் இது. இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது. ஒரு பேனல் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கிரேன் போக முடியாத இடத்தில்தானே அவசரப் பாலம் வேண்டியிருக்கிறது? அதனால் இந்த எடை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

என் தாய்மாமா மலேசிய இராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தீபாவளியன்று முறுக்குத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, தீப்பெட்டிகளை அடுக்கி இதை எனக்கு விளக்கினார். பேனல்களை இந்தக் கரையிலேயே கோத்து, உருளைகளின் மேல் ஏற்றி, முன்னால் எடை குறைந்த ஒரு மூக்கை மாட்டி, அப்படியே அக்கரைக்குத் தள்ளுவார்கள். பின்பக்கம் பாரம் கூடுதலாக இருக்கும் வரை மூக்கு கவிழாது. பேனல்களை இணைக்கும் 'பின்' என்ற இரும்பு ஆணியின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். மறுமுனையில் கிளிப் மாட்டும் துளை எந்தப் பக்கமாக இருக்கிறது என்று அந்தக் கோடு காட்டும். "கும்மிருட்டுல விரலால தடவினாலே தெரியும்டா" என்றார் மாமா.

இது பழைய காலத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வயநாட்டில் நிலச்சரிவு நடந்தது 2024 ஜூலை 30. ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பெய்லி பாலத்தைக் கட்டி முடித்தார்கள் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். 'தம்பிகள்' என்று இந்திய இராணுவமே செல்லமாகக் கூப்பிடும் படை அது. அந்தப் படங்களை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

குறையும் உண்டு. பேனல் பக்கத்து ஊரில் அடுக்கி வைத்திருந்தால்தான் இந்த வேகம் கிடைக்கும். தற்காலிகம் என்று போட்டது ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும். பின்னையும் கிளிப்பையும் பார்க்க யாரும் வரமாட்டார்கள். நம் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி எடைப் பலகையை மதிக்காமல் ஏறும் என்பதும் எனக்குத் தெரியும்.

கைகளால் தூக்கும் வேகத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் வந்த ஜப்பானியப் படை, பின்வாங்கிய பிரிட்டிஷார் தகர்த்த 200க்கும் மேற்பட்ட பாலங்களைச் சரிசெய்துகொண்டே தெற்கே இறங்கியது. அடுத்த ஆண்டு தொடங்கிய சயாம் மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர், ஓராண்டு சொச்சத்தில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். ஆகவே எத்தனை மணி நேரம் என்று கேட்கும்போதே, யார் முதுகில் என்றும் கேட்கிறேன்.

அடுத்தது விரைவு சிமெண்ட். சாதாரண கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளில் சோதிப்போம். கால்சியம் சல்ஃபோஅலுமினேட் வகை சிமெண்ட் இரண்டு மூன்று மணி நேரத்தில் வண்டி போகும் பலத்துக்கு வந்துவிடும். குண்டு விழுந்த ஓடுபாதைகளை அமெரிக்க விமானப்படை இந்த வகையால் மூடுகிறது. அவர்கள் முறையில் எனக்குப் பிடித்தது, பள்ளத்தை உடனே நிரப்பாமல் இருப்பது. குண்டு விழுந்தால் பள்ளத்தைச் சுற்றியுள்ள தளமும் லேசாக எழும்பியிருக்கும். அது எதுவரை என்று அளந்து, ரம்பத்தால் சதுரமாக அறுத்து, எழும்பியதை எடுத்துவிட்ட பிறகுதான் அடி நிரப்பி மேலே கான்கிரீட் ஊற்றுவார்கள். நம் சாலைக் குழிகளை ஓரம் வெட்டாமல் தாரைக் கொட்டி மூடுகிறோம். அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடுகிறது.

ஆனால் இந்த சிமெண்டுக்கு நம் வெயில் ஆகாது. ஒருமுறை பிறையில் ஒரு தொழிற்சாலை வாசலில், மதியம் இரண்டு மணிக்குக் கலந்தோம். மூட்டையில் கால் மணி நேரம் என்று போட்டிருந்தது. ஏழாவது நிமிடத்தில் தள்ளுவண்டியிலேயே இறுகிவிட்டது. சுத்தியலால் உடைத்துத்தான் வண்டியை மீட்டோம். இப்போது ஐஸ் போட்ட தண்ணீர், இறுகுவதைத் தாமதப்படுத்த அளந்த சிட்ரிக் அமிலம், மாலை வேலை. இறுகிய பிறகு மேல்பக்கத்தை ஒரு மணி நேரமாவது ஈரமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் விரிசல் விழும்.

தரையில் விரித்து வழி போடும் உலோகப் பாய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்-2 என்ற அலுமினியப் பலகை சுமார் 3.7 மீட்டர் நீளம், 65 கிலோ. 1965இல் வியட்நாமின் சூ லாயில் இவற்றைக் கோத்தே ஒரு மாதத்துக்குள் ஜெட் விமானம் இறங்க வழி செய்தார்கள். சேற்றில் சிக்கிய லோரிக்கு இப்படிப்பட்ட பாய் நல்ல துணை. ஆனால் அடித்தரையைச் சமன் செய்யாமல் விரித்தால் நெளிந்துவிடும். ஓடையைத் தாண்டவும் உதவாது.

கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் பிழிந்து சுவர் எழுப்பும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தைத்தான் பலரும் ஆசையோடு கேட்கிறார்கள். 2018இல் அமெரிக்க மரைன் படை 500 சதுர அடிக் கூடம் ஒன்றை 40 மணி நேரத்தில் அச்சிட்டது. சென்னை ஐஐடி வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடி வீட்டை எழுப்பியபோது எனக்கும் பெருமையாக இருந்தது. சரி, ஆனால் 40 மணி நேரம் என்பது சுவருக்கு மட்டும். கூரை, கதவு, கம்பி, குழாய் எல்லாம் கைவேலைதான். அகமதாபாத்தில் இந்திய இராணுவம் 2022இல் அச்சிட்ட 71 சதுர மீட்டர் மாடி வீட்டுக்கு 12 வாரம் ஆனது. வீடிழந்தவர்களுக்குப் பிறகு வீடு கட்ட இது நல்ல வழி. நம் நவம்பர் மழையில், சேற்றில், மறுநாளே இதை நிறுத்தி ஓட்ட முடியாது.

கான்கிரீட் துணி இன்னொரு நல்ல பொருள். உள்ளே சிமெண்ட் வைத்த கெட்டியான துணி. விரித்துத் தண்ணீர் தெளித்தால் ஒரு நாளில் கல்லாகிவிடும். அரித்த கரைக்கும் கால்வாய்ச் சரிவுக்கும் நான் இதைத்தான் எடுப்பேன். பாரம் தாங்க வேண்டிய இடத்தில் வைக்க மாட்டேன்.

எனக்கு முதல் இடம் பெய்லிக்கு. அதன் இரு முனையிலும் பிளந்த சாலைக்கு விரைவு சிமெண்ட், கரைக்குத் துணி. ஐந்து மீட்டருக்குள் அடங்கும் ஓடை, கிரேன் நிற்க உறுதியான தரை, இரண்டும் இருந்தால் மட்டும் என் முடிவு மாறும். அங்கே தொழிற்சாலையில் வார்த்த பாக்ஸ் கல்வர்ட்டை, அதாவது தண்ணீர் உள்ளே ஓட மேலே வண்டி போகும் கான்கிரீட் பெட்டியை, இறக்கிவிட்டால் அதுவே நிரந்தரம்; தற்காலிகப் பாலத்துக்குப் பிறகு இரண்டாவது பாலம் கட்டும் வேலையே இல்லை. அந்தத் தோட்டத்துக்கும் கடைசியில் அதுதான் வந்தது, பதினோராவது வாரத்தில். அதுவரை அந்த அக்கா தென்னை மரத்தின் மேல்தான் நடந்தார். செபராங் பிறையில் ஒரு கிடங்கில் நாற்பது பேனல்கள் அடுக்கியிருந்தால் அவர் நான்காம் நாளே லோரியில் கேஸ் வாங்கியிருப்பார்.