கார் திரவங்களைச் சோதிக்கும் கருவிப்பை: எந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம்?

இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரித் திரவம் ஆகியவற்றின் தரத்தைக் காரின் உரிமையாளரே சோதித்துக்கொள்ளலாம் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் சிறு கருவிப்பைகள் இப்போது பல பெயர்களில் கிடைக்கின்றன. பையின் மேல் அச்சிட்ட பெயர் மாறுகிறதே தவிர, உள்ளே இருப்பவை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. திரவத்தின் செறிவைக் காட்டும், கைக்கு அடக்கமான ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், அதற்கான சொட்டுக்குழாய், பேனா வடிவிலான பிரேக் ஆயில் சோதனைக் கருவி, கூலன்ட்டில் நனைத்துப் பார்க்கும் நிறப்பட்டைகள், இன்ஜின் ஆயிலைச் சொட்டிப் பார்க்கும் உறிஞ்சுதாள்கள், நீண்ட மூக்குள்ள புனல், கையுறைகள், ஒரு குறிப்பட்டை ஆகியவையே அவை. அத்தகைய பை ஒன்றைப் பெட்ரோல் கார் ஒன்றிலும் டீசல் கார் ஒன்றிலும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இப்படியொரு பை தேவையா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பானெட்டைத் திறந்து திரவங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது மட்டத்தை மட்டுமே. குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். மட்டம் சரியாக இருக்கும்போதே கூலன்ட்டில் வெறும் தண்ணீரின் பங்கு கூடியிருக்கலாம். நிறைந்து நிற்கும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சித் தன் கொதிநிலையை இழந்திருக்கலாம். மட்டம் காட்டாத இந்த மாற்றங்களைக் காட்டுவதுதான் இந்தப் பையின் நோக்கம். அதில் ஒரு கருவி முழுமையாகவும், ஒன்று பாதியளவும் வெற்றி பெறுகின்றன. ஒன்று தவறான நம்பிக்கையைத் தரக்கூடியது.

கருவிகளைப் பற்றிச் சொல்லும் முன் குறிப்பட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பையின் மிகப் பெரிய குறை அதில்தான் இருக்கிறது. கூலன்ட் சோதனைக்கான முதல் வரியே, மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுக்கவும் என்று தொடங்குகிறது. இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை எங்குமே இல்லை. ரேடியேட்டர் மூடி சாதாரண மூடியன்று; அமைப்புக்குள் வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துவதே அதன் வேலை. தண்ணீரும், கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். அந்த அழுத்தத்தின் கீழ் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரே நொடியில் வீழ்கிறது. அதுவரை அடங்கியிருந்த திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்தை நோக்கிப் பீறிடுகிறது. ஆகவே இந்தச் சோதனையைக் காலையில், வண்டியை இன்னும் கிளப்பாத நேரத்தில் செய்வதே நல்லது. ரேடியேட்டரின் மேல்குழாயைக் கையால் அழுத்திப் பார்த்து, அது குளிர்ந்தும் இறுக்கமில்லாமலும் இருப்பதை உறுதிசெய்த பிறகே, தடித்த துணியை மூடியின் மேல் போட்டு மெதுவாகத் திருக வேண்டும். சீறும் ஓசை கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

குறிப்பட்டை சொல்லாமல் விட்டவை இன்னும் உண்டு. பல கார்களில் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தால் இயங்குவதால், இன்ஜின் நின்ற பின்னரும் அது திடீரென்று சுழலத் தொடங்கலாம். சாவியை வண்டியிலிருந்து அகற்றிவிட்டு, தொங்கும் துணிகளையும் சங்கிலிகளையும் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் குனிய வேண்டும். ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, அவற்றைத் தொடவே கூடாது. பேட்டரி அமிலத்தைச் சோதிக்கச் சொல்லும் ஒரு பையில் கண் கவசம் இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. கந்தக அமிலத்தின் ஒரு துளி கண்ணில் பட்டால் நேரும் கேட்டைக் கையுறை தடுக்காது. வாங்குபவர்கள் கண் கவசத்தைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ரிஃப்ராக்டோமீட்டர். இந்தப் பையின் மதிப்பெல்லாம் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு திரவத்தில் கரைந்திருக்கும் பொருளின் அளவு கூடக்கூட அதன் வழியே செல்லும் ஒளி வளையும் அளவும் கூடுகிறது என்ற எளிய இயற்பியலில் இது இயங்குகிறது; மின்கலம் வேண்டாம், மின்னணுச் சுற்று வேண்டாம், பழுதாவதற்கும் அதிகம் ஒன்றுமில்லை. முப்பட்டகத்தின் மேல் இரண்டு சொட்டு விட்டு, மூடித்தட்டைக் காற்றுக்குமிழி இல்லாமல் படிய வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்வில்லை வழியே பார்த்தால், நீல நிறமும் வெண்மையும் சந்திக்கும் கோடு அளவுகோலின் எந்த இடத்தை வெட்டுகிறதோ அதுவே விடை.

அளவுகோலில் எத்திலீன் கிளைக்காலுக்கு ஒரு வரிசையும், புரொப்பிலீன் கிளைக்காலுக்கு ஒரு வரிசையும், பேட்டரித் திரவத்துக்கு ஒரு வரிசையும் இருக்கின்றன. கூலன்ட் டப்பாவில் எந்த வகை என்று படித்துவிட்டு அதற்குரிய வரிசையைப் பார்க்காவிட்டால் விடை தவறும். சரிபாதிக் கலவையில் எத்திலீன் கிளைக்கால் வரிசை உறைநிலையாகச் சுமார் மைனஸ் 37 டிகிரியைக் காட்ட வேண்டும். நானே அளந்து கலந்த கலவையில் கோடு மிகச் சரியாக அங்கே நின்றது. உறைபனியே விழாத இடத்தில் உறைநிலையை அளந்து என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த எண் உண்மையில் செறிவைச் சொல்கிறது. செறிவு குறைந்தால் கொதிநிலை தாழ்கிறது, துருவைத் தடுக்கும் சேர்மங்களும் நீர்த்துப்போகின்றன. வெயில் காலத்தில் கூலன்ட் குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றியே பழகிய வண்டிகளில் இந்தக் கருவி காட்டும் எண் உரிமையாளரைத் திடுக்கிடவே வைக்கும். மறுபுறம், செறிவு கூடினால் நல்லதுதானே என்று நீர்க்காத கூலன்ட்டை நிரப்புவதும் தவறு. தூய எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும், வெப்பத்தைக் கடத்திச் செல்வதிலும் அது தண்ணீர்க் கலவைக்கு ஈடாகாது.

அளவிடும் முன் காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பூச்சியத்தைச் சரிபார்ப்பது கட்டாயம்; அதற்கான சிறு திருப்புளி பையிலேயே இருக்கிறது. சொட்டு விட்டவுடன் பார்க்காமல் அரை நிமிடம் பொறுத்தால் திரவமும் கருவியும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அழுத்தம் ஏறாத, வழிந்து வருவதைப் பிடித்துவைக்கும் வகைச் சிறுதொட்டி உள்ள கார்களில் தொட்டியில் நிற்பதும் இன்ஜினுக்குள் சுழல்வதும் ஒரே செறிவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே ரேடியேட்டரிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். கழுவும்போது கருவியைக் குழாயடியில் பிடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தால், கண்ணாடிக்குள் நீர் புகாமல் நெடுநாள் உழைக்கும்.

பேட்டரி அளவீட்டிலும் இது ஏமாற்றவில்லை. மூடி திறக்கக்கூடிய வகை பேட்டரியில், முழு மின்னேற்றத்தில் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும், 1.200 அருகில் வந்தால் ஏறத்தாழ பாதி மின்னேற்றமே மிச்சம். எல்லா அறைகளும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் மின்னேற்றம் போதவில்லை என்று பொருள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அந்த அறையே பழுதடைகிறது என்று பொருள். வோல்ட்மீட்டர் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டாது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றிய உடனேயே அளப்பதில் பயனில்லை, அமிலமும் நீரும் அப்போது கலந்திருக்காது. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் தீப்பொறியோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

ரிஃப்ராக்டோமீட்டர் செறிவைச் சொல்லுமே தவிர, துருத்தடுப்புச் சேர்மங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று சொல்லாது. அந்த இடத்தை நிரப்பவே நிறப்பட்டைகள். பிஎச் அளவு வீழ்ந்திருப்பதை, அதாவது கூலன்ட் அமிலத்தன்மை பக்கம் சாய்ந்திருப்பதை, அவை ஓரளவு காட்டுகின்றன. ஆனால் பச்சையோ சிவப்போ கலந்த கூலன்ட்டில் நனைத்த பட்டையின் நிறத்தை அச்சிட்ட நிறத்தோடு ஒப்பிடுவது கடினமாக இருக்கிறது. குறிப்பட்டையில் கூலன்ட் நிறத்தை வைத்தே அதன் வகையைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் அட்டவணை தந்திருக்கிறார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிடலாம். கூலன்ட் நிறத்துக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட நியமம் எதுவும் கிடையாது. கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியீட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிரேக் ஆயில் பேனாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விளம்பரத்தில் முன்னால் நிற்பது இதுதான். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய தரவகைப் பிரேக் திரவங்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி; 3.7 சதவீத ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது மற்றொரு விதி. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது இந்த வித்தியாசம் உயிரைக் காக்கும் வித்தியாசம். திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால் பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

பேனா இந்தக் கொதிநிலையை அளப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதில் பாய்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து ஈரத்தின் அளவை ஊகிக்கிறது. மின்கடத்துதிறனோ ஈரத்தால் மட்டும் மாறுவதன்று. ஒவ்வொரு தயாரிப்பிலும் சேர்க்கப்படும் பொருள்களாலும் மாறுகிறது. புதிதாகத் திறந்த டாட் 4 திரவத்தில் பச்சை விளக்கு எரிந்தது. 97 மில்லியோடு 3 மில்லி தண்ணீர் கலந்த மாதிரியில் சிவப்பு எரிந்தது. அதுவரை சரி. ஆனால் வேறொரு டாட் 4 திரவத்தில் அதே விகிதத்தில் தண்ணீர் கலந்தபோது மஞ்சளோடு நின்றுவிட்டது. மேலும், பேனா நனைவது மேலே உள்ள தொட்டியில். திரவம் கொதிப்பதோ சக்கரத்தருகே பிரேக் பேடுகளை அழுத்தும் கேலிப்பரில். இரண்டு இடத்திலும் ஈரம் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே சிவப்பு எரிந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். பச்சை எரிந்தால் அதை உத்தரவாதமாகக் கொள்ளாதீர்கள். கையேடு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால், பேனா என்ன சொன்னாலும் மாற்றத்தான் வேண்டும். கொதிநிலையையே அளக்கும் கருவி நல்ல பணிமனைகளில் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கே கேட்பது மேல்.

இந்தச் சோதனைக்காகத் தொட்டியை அடிக்கடி திறப்பதும் நல்லதன்று, திறக்குந்தோறும் ஈரமும் தூசியும் உள்ளே போகும். திறக்கும் முன் மூடியைச் சுற்றித் துடைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் ஆயில் வண்ணப்பூச்சை உரித்துவிடும். ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தொட்டியில் மட்டம் மெல்ல இறங்கியிருப்பதைக் கண்டால், ஊற்றி நிரப்பும் முன் பிரேக் பேடுகள் தேய்ந்திருக்கின்றனவா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்ஜின் ஆயிலுக்கான உறிஞ்சுதாள் ஆர்வமுள்ளவர்களுக்குப் பயன்படும். ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், கரி சீராகப் பரவியிருக்கிறதா, நடுவில் திரண்டு கூர்மையான விளிம்போடு நிற்கிறதா என்பது தெரியும். திரண்டு நின்றால் கரியைத் தாங்கும் ஆற்றலை ஆயில் இழந்துவருகிறது. டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது இயல்பே. அன்றாடத்துக்கு டிப்ஸ்டிக் போதும்: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கையேடு சொல்லும் நேரம் பொறுத்து, துடைத்து மீண்டும் செருகிப் பார்ப்பது. இரு குறிகளுக்கும் இடையே பல கார்களில் ஏறத்தாழ 1 லிட்டர் இடைவெளி இருப்பதால் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். அளவு மீறினால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். பால்போல் வெளுத்த ஆயில் கூலன்ட் கலந்ததற்கு அறிகுறியாகலாம், அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது.

புனல் நன்றாக இருக்கிறது. கையுறை மெல்லியது, ஒரு முறைக்கு மேல் தாங்காது.

என் பரிந்துரை, பையை அப்படியே வாங்குவதைவிட ரிஃப்ராக்டோமீட்டரைத் தனியாக வாங்கி, அதோடு கண் கவசமும் தரமான நைட்ரைல் கையுறைகளும் சேர்த்துக்கொள்வது. பையாகவே வாங்குபவர்கள் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். சோதித்து முடித்த மாதிரிகளை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மூடியுள்ள புட்டியில் சேர்த்து, பழைய ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் ஒப்படைக்கலாம். அவர்கள் தனித்தனியாகக் கேட்பார்கள் என்பதால் கூலன்ட்டையும் ஆயிலையும் ஒரே புட்டியில் கலக்க வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் அந்தப் புட்டியை வைத்து, சிந்தியதைத் துடைத்த துணியையும் அன்றே அப்புறப்படுத்திவிட வேண்டும்.