கூகுளா, டக்டக்கோவா: எனக்கு வேண்டியிருந்தது ஓர் ‘இல்லை’

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு என் கணினியில் கூகுளை எடுத்துவிட்டு டக்டக்கோ என்ற தேடுபொறியை வைத்தேன். ஆறு மாதம் அதிலேயே காலம் தள்ளினேன். ஆடி பிறந்தபோது மறுபடியும் கூகுளிடமே வந்து நின்றேன். நடுவில் ஒரு செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடமும் கேட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் வேலைக்கு எது உதவியது, ஏன் உதவியது என்று சொல்ல முடியும்.

என் வேலை மெய்ப்புப் பார்ப்பது. பள்ளி நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்கள். காசு கொடுப்பது எழுத்துப் பிழை திருத்துவதற்குத்தான். ஆனால் ‘இந்த வரியை இவர்தான் சொன்னாரா, இந்த ஆண்டு சரியா’ என்று பார்க்கிற வேலையும் எப்படியோ நம் தலையில்தான் வந்து விழும்.

தங்கம் விலை, குக்கர் கேஸ்கெட்டின் அளவு போன்றவற்றுக்கு எதை வைத்தாலும் ஒன்றுதான். பக்கத்தில் திறந்திருக்கும் மருந்துக்கடை வேண்டுமென்றால், சொந்தமாக வரைபடம் வைத்திருப்பதால் கூகுள் முந்தும். தேடியதை நினைவில் வைத்துக்கொண்டு நம்மைப் பின்தொடராது என்ற வகையில் டக்டக்கோ முந்தும். நான் அங்கே போனதே அதற்காகத்தான். முடிவுகளுக்கு மேலே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்ட கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் இன்னொரு காரணம். டக்டக்கோவிலும் அப்படி ஒன்று உண்டு, ஆனால் அமைப்புக்குள் போய் அணைத்துவிடலாம்.

சரி, அப்புறம் ஏன் திரும்பினேன்?

ஒரு பள்ளி மலருக்கு முன்னாள் மாணவர் ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். முதல் பத்தியிலேயே விவேகானந்தர் சொன்னதாக ஒரு வரி. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருமே, அந்த வகை. எனக்குச் சந்தேகம். வரியை அப்படியே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு டக்டக்கோவில் தேடினேன். வரிசையாக முடிவுகள் வந்தன. எல்லாவற்றிலும் விவேகானந்தர் இருந்தார், இளைஞர்களும் இருந்தார்கள், நம்பிக்கையும் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்த வரி மட்டும் எதிலும் இல்லை. முக்கால் மணி நேரம் போனது.

அரட்டைச் செயலியிடம் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் ‘1893 சிகாகோ உரை’ என்றது. சிகாகோவில் அவர் பேசி அச்சில் இருப்பவை செப்டம்பர் 11 முதல் 27 வரையிலான ஆறு உரைகள்தான். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு பக்கமே. உட்கார்ந்து படித்தேன். அங்கேயும் இல்லை. ‘இல்லையே’ என்று திருப்பிக் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறோர் உரையைச் சொன்னது. அதிலும் இல்லை.

கடைசியில் கூகுளில் அதே மேற்கோள் குறியோடு போட்டேன். ‘இதற்கு முடிவு எதுவும் இல்லை’ என்று முதலில் சொன்னது. அதற்குக் கீழே, மேற்கோள் இல்லாமல் தேடினால் இவை கிடைக்கும் என்று வேறு சிலவற்றைக் காட்டியது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ‘இல்லை’தான்.

தெரியாத ஊரில் வழி கேட்டால் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ‘தெரியலீங்க’ என்று சொல்லிவிட்டு நடப்பவர் ஒருவர். தெரியாவிட்டாலும் கையை நீட்டி ‘நேரா போயி லெப்டுல திரும்புங்க’ என்பவர் இன்னொருவர். இரண்டாமவர் கெட்டவர் அல்ல, உதவ நினைக்கிறார். ஆனால் அலைவது நாம்தான். டக்டக்கோவின் உதவிப் பக்கமே இதை ஒளிக்காமல் சொல்கிறது: மேற்கோள் குறிக்குள் போட்ட தொடருக்கு முடிவுகள் இல்லை என்றாலோ குறைவு என்றாலோ, தொடர்புள்ளவற்றைக் காட்ட முயல்வோம் என்கிறது. கழித்தல் குறி போட்டு ஒரு சொல்லை விலக்கச் சொன்னாலும், அந்தச் சொல் ‘குறைவாக’ வரும் என்றுதான் வாக்குத் தருகிறது, வரவே வராது என்று சொல்வதில்லை. பொழுதுபோக்காகத் தேடுபவருக்கு இது வசதி. ஒரு வரி உண்டா இல்லையா என்று பார்க்கிறவனுக்கு இது வினை.

கூகுள் மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்கலாம். மேற்கோள் இல்லாமல் தட்டினால் அதுவும் நாம் சொன்னதை விட்டுவிட்டு, நாம் நினைத்திருப்போம் என்று அது நினைப்பதைத்தான் தேடுகிறது. ஒரு காலத்தில் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அந்தச் சொல்லை விடாமல் தேடும். 2011இல் அதை எடுத்துவிட்டார்கள். பலரும் சத்தம் போட்டபின் அதே ஆண்டில் ‘வெர்பாட்டிம்’ என்று ஒரு வசதியைக் கொடுத்தார்கள். ‘டூல்ஸ்’ பொத்தானை அழுத்தி ‘ஆல் ரிசல்ட்ஸ்’ என்பதற்குள் போனால் இருக்கிறது. எழுத்துப்பிழையைத் தானே திருத்துவது, இணைச்சொல் சேர்ப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தட்டியதைத் தட்டியபடி தேடும். கூகுள் வைத்திருப்பவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்கும் இது தெரிந்திருப்பதில்லை.

இன்னொன்று, 2024 மே மாதம் வந்த ‘வெப்’ என்ற தாவல். அதை அழுத்தினால் சுருக்கம், காணொளி, ‘மற்றவர்கள் கேட்டவை’ எல்லாம் போய்ப் பழையபடி வெறும் இணைப்புகள் மட்டும் நிற்கும். தேடல் முகவரியின் கடைசியில் &udm=14 என்று சேர்த்தாலும் இதே பக்கம்தான் வரும். உலாவியின் அமைப்பில் அந்த முகவரியைத் தனித் தேடுபொறியாகச் சேர்த்து, அதையே இயல்பாக வைத்துக்கொண்டேன். கூகுளை விட்டு நான் ஓடியதற்கான பாதிக் காரணம் அதோடு தீர்ந்தது.

இந்த மேற்கோள் குறி தமிழில் இருமுனைக் கத்தி. ஆங்கிலத்தில் ஒரு தொடரைப் போட்டால் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். தமிழில் ‘தமிழ்ப் புத்தகம்’ வேறு, ஒற்று விட்ட ‘தமிழ் புத்தகம்’ வேறு. ‘சுப்பிரமணியம்’ என்று தேடினால் ‘சுப்ரமணியம்’ நழுவும், ‘ஜெயங்கொண்டம்’ என்று தேடினால் ‘செயங்கொண்டம்’ நழுவும். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் வாலே மாறிவிடும். ‘மரம்’ தேடுபவருக்கு ‘மரத்தை’ அகப்படாது. ஆகவே முழு வாக்கியத்தையும் மேற்கோளுக்குள் அடைக்காதீர்கள். உருபும் ஒற்றும் மாற வாய்ப்பில்லாத மூன்று நான்கு சொற்களை நடுவிலிருந்து பிடுங்கிப் போடுங்கள். பெயர் என்றால் இரண்டு மூன்று எழுத்துமுறைகளையும் தனித்தனி மேற்கோளில் போட்டு, நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘OR’ என்ற சொல்லைச் சேருங்கள். ஊர்ப் பெயரில் பழைய பெயரையும் மறக்கக் கூடாது. மயிலாடுதுறைக்காரரின் பழைய கடிதத்தைத் தேடுபவர் மாயூரம் என்றும் மாயவரம் என்றும் தேட வேண்டும்.

மேற்கோள் இல்லாத தேடலிலும் கூகுள் இந்த உருபுகளை ஓரளவு தாண்டிப் பிடிக்கிறது, டக்டக்கோ அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பது என் அனுபவம். உட்கார்ந்து அளந்து பார்த்ததில்லை. ஆறு மாதப் பழக்கத்தில் ஏற்பட்ட எண்ணம், அவ்வளவுதான்.

அப்படியானால் கூகுள் சொல்லும் ‘இல்லை’யை முழுதாக நம்பலாமா? கூடாது. அதன் சேமிப்பில் இல்லை என்றுதான் அதற்குப் பொருள். விவேகானந்தர் வரியில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவருடைய பேச்சிலும் எழுத்திலும் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழில் சுற்றுவது யாரோ பெயர்த்தது, ஆளுக்கொரு விதமாகப் பெயர்த்திருப்பார்கள். அதனால் கருத்தின் முக்கியமான இரண்டு ஆங்கிலச் சொற்களை, ஒன்பது தொகுதிகளும் ஏற்றப்பட்டிருக்கும் தளத்துக்குள் மட்டும் தேடினேன். அதற்கு ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் பெயரைப் போட வேண்டும். இந்த வசதி இரண்டு தேடுபொறிகளிலும் உண்டு. இதைப் பழகிக்கொண்டாலே தேடலில் பாதிக் குப்பை கழிந்துவிடும்.

கூகுளில் தேதி வைத்தும் வடிகட்டலாம். 2019இல் வந்த ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற இரண்டு கட்டளைகள் அதற்கு. ஒரு வரி எப்போது முளைத்தது என்று பார்க்க நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு பக்கத்துக்குக் கூகுள் போடும் தேதி அதுவே கணித்தது. பழைய பக்கத்தின் ஓரத்தில் ‘அண்மைப் பதிவுகள்’ என்று நேற்றைய தலைப்பு ஓடினால், நேற்றைய சொல்லுக்குப் பழைய தேதி விழுந்துவிடும். திறந்து பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

அதே மாதிரி, முடிவுகளின் எண்ணிக்கையை வைத்து எது சரியான எழுத்து என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தோராயக் கணக்கு. துல்லியமாகவே இருந்தாலும் பயனில்லை. புறநானூற்று 192ஆம் பாட்டில் ‘யாவரும் கேளிர்’ என்பதுதான் பாடம். கேளிர் என்றால் உறவினர். ‘யாவரும் கேளீர்’ என்று நெடிலாக்கி, எல்லோரையும் காது கொடுத்துக் கேட்கச் சொல்லும் பக்கங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன.

டக்டக்கோவைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கைபேசியில் இன்னமும் அதுதான். ஆச்சரியக்குறி போட்டு ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்தைத் தட்டினால் நேராக விக்கிப்பீடியா, ‘ஜி’ தட்டினால் கூகுள் என்று ஆயிரக்கணக்கான குறுக்குவழிகள் வைத்திருக்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவருக்கு அதைவிட வேகமானது இல்லை. ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: அதன் வழக்கமான முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருவது. ஆகவே பிங்கிலும் டக்டக்கோவிலும் தனித்தனியாகத் தேடிவிட்டு ‘இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்’ என்று சொன்னால், ஒரே பானைச் சோற்றை இரண்டு தட்டில் போட்ட கதைதான்.

அரட்டைச் செயலிக்கும் என் மேசையில் இடம் உண்டு. அதனிடம் விடையைக் கேட்பதில்லை, தேடுவதற்கான சொற்களைக் கேட்கிறேன். ‘இதைச் சட்டத் துறையில் என்ன பெயரில் சொல்வார்கள்’, ‘இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்னென்ன உண்டு’ என்று கேட்டால் நாலைந்து தருகிறது. தப்பாகச் சொன்னால் தேடலிலேயே தெரிந்துவிடும், நட்டமில்லை.

காசு கட்டிப் பயன்படுத்தும் காகி என்ற தேடுபொறியை அவர்கள் இலவசமாகத் தரும் நூறு தேடல்கள் வரைதான் பார்த்தேன். ஆங்கிலத்தில் சுத்தமாக இருந்தது. தமிழில் பத்துப் பதினைந்து முறைகூடத் தேடியிருக்க மாட்டேன், அதனால் என் பேச்சை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். தனக்கென்று சொந்தச் சேமிப்பு வைத்திருக்கும் பிரேவ் தேடுபொறி, ‘இரண்டாம் பானை’ வேண்டுபவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது. நான் அதில் புழங்கியது கொஞ்சம்தான்.

எந்தத் தேடுபொறியும் கைவிரிக்கிற இடம் ஒன்று உண்டு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடை 2010இல்தான் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முன் டாப், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் ஏற்றியவை, தேடுபொறியின் கண்ணுக்கு வெறும் கிறுக்கல். படமாக வருடி ஏற்றிய பழைய நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த மாதிரி நேரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ, ஈழத்து நூல் என்றால் நூலகம் தளத்துக்கோ நேராகப் போய், தலைப்பையும் ஆண்டையும் வைத்துத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

அந்தக் கட்டுரையாளரைக் கைபேசியில் கூப்பிட்டு, ‘ஐயா, விவேகானந்தர் அப்படிச் சொன்னதாக எங்கேயும் கிடைக்கவில்லை’ என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார். ‘அப்ப அப்துல் கலாம்னு போட்டுடுங்க தம்பி’ என்றார்.