26 அடிப் படகில் மூன்று வருடம்: எது உதவியது, எது வீண்

நானும் கணவரும் பாய்ப்படகு ஓட்டக் கற்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. மகள் படிப்பை முடித்ததும் படகிலேயே சில வருடம் வாழ வேண்டும், மலாக்கா நீரிணை வழியாக மலேசியாவின் லங்காவி தீவுக்குப் போய் அங்கிருந்து இன்னும் வடக்கே போக வேண்டும் என்பது எங்கள் ஆசை. பழகுவதற்காக இன்னொரு தம்பதியோடு பங்கு சேர்ந்து பழைய 26 அடிப் படகு ஒன்றை வாங்கினோம். சிங்கப்பூரில் சாங்கி பக்கம் மிதவையில் கட்டியிருக்கிறோம். பாசிர் ரிஸ்ஸில் வீடு என்பதால் சனிக்கிழமை காலை பேருந்தில் போய்விடுவோம்.

முதலில், பாய்ப்படகில் துணையாளாக வேலை செய்யக் கற்றுத்தரும் ஐந்து நாள் ஆர்ஒய்ஏ காம்பிடென்ட் க்ரூ வகுப்புக்குப் போனோம். நல்ல வகுப்பு. ஆனால் பயிற்சிப் படகில் ஆள் நிறைய. கடலில் விழுந்தவரைக் காப்பாற்றும் பயிற்சியில் ஒருவர் விழுந்தவரையே பார்த்துக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பார், ஒருவர் சுக்கான் பிடிப்பார், இன்னும் இருவர் பாயைக் கவனிப்பார்கள். எங்கள் படகிலோ நாங்கள் இரண்டே பேர். ஒருவர் விழுந்தால் அத்தனை வேலையும் மிச்சமிருக்கும் ஒருவர் தலையில். இது உறைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

உபின் தீவுக்குப் பக்கத்தில், நீரோட்டம் நிற்கும் நேரம் பார்த்து நங்கூரம் போட்டு, பங்காளித் தம்பதியையும் துணைக்கு வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தோம். கணவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவர் 80 கிலோ, நான் 54. ஏணியில் கால் வைத்து உதவப் பார்த்தவரை, "வேண்டாங்க, மயங்கிக் கிடக்கிறவர் எப்படி ஏறுவார்? அப்படியே மிதங்க" என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் இழுத்தேன். மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் வாங்கியதுதான் இந்த மூன்று வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த சிறந்த பொருள்: இரண்டு இரட்டைக் கப்பியும் அதில் கோத்த கயிறும். மேல் கப்பியைப் பாய் ஏற்றும் கயிறான ஹால்யர்டில் மாட்டி உயர்த்திவிட்டு, கீழ்க் கப்பியின் கொக்கியை லைஃப் ஜாக்கெட்டில் இருக்கும் தூக்கு வளையத்தில் மாட்ட வேண்டும். 80 கிலோ கைக்கு 20 கிலோ போல வரும், உராய்வால் கொஞ்சம் கூடும். கயிற்றின் நுனியை வின்ச்சில், அதாவது கயிறு இழுக்கும் உருளையில், சுற்றிவிட்டால் நானே நிறுத்தி நிறுத்தி இழுக்கலாம். இப்போது ஆறேழு நிமிடத்தில் அவரை மேலே கொண்டுவந்துவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழகுகிறோம், ஆள் மாற்றியும் செய்கிறோம்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் முதலில் தவறு செய்தோம். தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் வகையில் விலை குறைந்ததை வாங்கினோம். அதில் மாத்திரை போன்ற ஒரு துண்டு ஈரத்தில் கரைந்ததும் ஊசி பாய்ந்து 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு உருளை திறக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், படகின் பெட்டிக்குள் இருந்தபடியே ஒன்று ஊதிக்கொண்டது. இப்போது வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தத்தால் திறக்கும் வகை. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மூழ்கினால்தான் வேலை செய்யும். மழைக்கும் தெறிக்கும் அலைக்கும் அசையாது. விலை அதிகம், ஆனாலும் இதையே வாங்குங்கள். எந்த வகையானாலும் உருளை தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது கையால் திருகிப் பாருங்கள்.

காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்க உதவும் ரீஃப் கயிறுகளை நாம் உட்காரும் இடத்துக்கே கொண்டுவந்தது அடுத்த நல்ல செலவு. பாயைச் சுருக்க இனி யாரும் பாய்மரத்தடிக்குப் போக வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையில் வரும் சுமத்ரா ஸ்குவால் என்ற திடீர்ப் புயல்மழையில் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். ஒருநாள் விடியும் முன் கிளம்பினோம். மேற்கே வானம் கரும்பலகைபோல் ஆனது. சரி என்று அப்போதே ரீஃப் போட்டேன். கணவர் எஞ்சினைப் பார்க்க உள்ளே போயிருந்தார், அவர் திரும்பி வருவதற்குள் காற்று வந்துவிட்டது. பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் அந்த ஆட்டத்தில் நான் தனியாக முன்னால் போயிருக்க வேண்டும்.

சுக்கானைத் தானாகப் பிடிக்கும் டில்லர் பைலட் ஒன்றும் வாங்கினோம். உபயோகமான பொருள்தான், ஆனால் மழைநீர் உள்ளே புகுந்து இரண்டாம் வருடமே நின்றுவிட்டது. புதியதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறேன். நிழல்துணியும் பெரிய நங்கூரமும் சொன்ன வேலையைச் செய்கின்றன. அழகுக்காக வாங்கிய பித்தளை விளக்குகள் வீண். படகின் அடியில் கொட்டலசு ஒட்டுவதைத் தடுக்கும் பெயின்ட் மட்டும் இந்தக் கதகதப்பான தண்ணீரில் போதாது. மாதாமாதம் சுரண்டாவிட்டால் வேகம் குறைவது நன்றாகத் தெரிகிறது.

பொருள் அல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் உள்ள உல்லாசப் படகை ஓட்ட உரிமம் வேண்டும். ஆரம்பத்தில் கணவர் மட்டும் எடுத்திருந்தார். தேர்வுக்குப் படித்து நானும் எடுத்த பிறகுதான் எங்கள் படகில் நிஜமாகவே இரண்டு ஓட்டுநர்கள் என்று ஆனது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் உள்ள நோங்சாவுக்குப் போகும்போது சிங்கப்பூர் நீரிணையை நான்தான் கடந்தேன். கப்பல்கள் போகும் தடத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அவற்றுக்கு நாம் தடையாக இருக்கக் கூடாது. நாங்கள் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, தூரத்தில் தெரிந்த கன்டெய்னர் கப்பல் சில நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கணவர் தொலைநோக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், சுக்கானைக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

வரும் ஜூனில் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகிறோம், முதல் இரவுப் பயணம். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் காவல். வெளியே இருப்பவர் இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டியே இருக்க வேண்டும். தூங்குகிறவரை எழுப்பாமல் முன்பக்கம் ஓர் அடிகூடப் போகக் கூடாது. இதைக் காகிதத்தில் எழுதிப் படியருகே ஒட்டிவிட்டோம். கப்பிக் கயிறு அதன் கீழேயே தொங்குகிறது.