போடிமெட்டு ஏறிய ஃபைபர் கார்: சான் ஸ்டார்முடன் ஒன்பது வருடம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினால் குறைந்தது மூன்று பேராவது வண்டியைச் சுற்றி வருவார்கள். நம் ஆட்கள் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பிளாஸ்டிக்கா?" என்பார்கள். மலையாளிகள் "சேட்டா, இது ஏதா வண்டி?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி மட்டும் செக்போஸ்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்: எவ்வளவு வேகம் போகும்? "இந்த ரோட்டுல அறுபது" என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் முகம் அப்படியே வாடிவிடும்.

இப்போது வண்டியை விற்கப்போகிறேன். வாங்குகிறவருக்கு அந்த அறுபதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வீடு போடியில், ஏலத்தோட்டம் பூப்பாறைக்குப் பக்கத்தில். 2016-ல் கோட்டயம் பக்கம் ஓய்வுபெற்ற தோட்ட மேலாளர் ஒருவரிடம் வாங்கினேன். 2003 மாடல், சிவப்பு. மீட்டரில் அப்போது 31,000 கிலோமீட்டர், இன்று 69,000-த்தைத் தாண்டிவிட்டது. பெரிய ஓட்டம் இல்லைதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் மலை ஏறி இறங்கிய ஓட்டம்.

சான் ஸ்டார்ம் என்று ஒரு கார் இருந்ததே பலருக்குத் தெரியாது. சான் மோட்டார்ஸ் பெங்களூரு நிறுவனம், காரைக் கட்டியது கோவாவில். தொண்ணூறுகளின் கடைசியில் சந்தைக்கு வந்தது. இரண்டே இருக்கை, மடக்கிவிடும் துணிக்கூரை, உடம்பு முழுக்க ஃபைபர். எஞ்சின் ரெனோவுடைய 1,149 சிசி பெட்ரோல், ஐரோப்பாவில் அவர்களுடைய ட்விங்கோ, கிளியோ கார்களில் ஓடியது. சக்தி 60 குதிரை. சிரிக்காதீர்கள். அரை டேங்க் பெட்ரோலோடு தேனியில் எடைமேடையில் ஏற்றினேன், 810 கிலோ காட்டியது. 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோல் 87 குதிரை, ஆனால் எடை ஒரு டன்னைத் தாண்டும். ஆக நேர்ச்சாலையில் ஸ்விஃப்ட் என்னைத் தாண்டிப் போகும், நானும் வழி விடுவேன். முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலை ஆரம்பித்ததும் கதை வேறு.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கனமான வண்டியில் ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று வேலை: பிரேக் பிடித்து வேகத்தைக் கொல்ல வேண்டும், திருப்ப வேண்டும், இழந்ததை மறுபடி சம்பாதிக்க வேண்டும். இந்த வண்டியில் முதல் வேலையும் மூன்றாவது வேலையும் பாதியாகிவிடும். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே போதுமான அளவு வேகம் குறையும். வளைவைத் தாண்டி மிதித்தால் எஞ்சின் முனகாமல் இழுக்கும். சக்தி குறைவு என்று சமவெளிச் சாலையில் எப்போதாவது தோன்றியிருக்கிறது, மலையில் ஒரு நாளும் தோன்றியதில்லை. இறங்கும்போதுதான் அருமை இன்னும் தெரியும். புலியூத்துப் பக்கம் சமவெளி வண்டிகள் பிரேக் தீய்ந்த நாற்றத்தோடு ஓரங்கட்டி நிற்பதை வாரம் ஒரு தடவையாவது பார்ப்பேன். ஒன்பது வருடத்தில் நான் முன் பிரேக் பேட் மாற்றியது ஒரே ஒரு முறை.

ஒரு எச்சரிக்கை. இது முன் சக்கரம் இழுக்கும் வண்டி. மழை நேரத்தில் செங்குத்தான வளைவில் அவசரப்பட்டு மிதித்தால் உள்பக்கச் சக்கரம் சும்மா சுழலும். ஈர இலை கிடந்தால் கேட்கவே வேண்டாம். மெல்ல மிதிக்கப் பழக எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. அப்புறம், மாலை மூன்றரையிலிருந்து ஐந்து வரை மலையில் இருக்காதீர்கள். தோட்ட வேலைக்குப் போன ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக இறங்கும் நேரம் அது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஜீப் டிரைவரின் கண்ணுக்கு இந்த வண்டி தெரியவே தெரியாது. ஹாரனை இரண்டு தடவை மாற்றிச் சத்தமானதாகப் போட்டதற்கு அதுதான் காரணம்.

தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைவு. பூப்பாறை டவுனில் ஒரு வேகத்தடை உண்டு, அதைக் குறுக்காகத்தான் ஏறி இறங்க வேண்டும். தோட்டத்துக்குள் கொண்டுபோகவே முடியாது. தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு ஷெட்டில் நிறுத்திவிட்டு ஜீப்பில் போவேன். மூணாறு வரையிலான சாலையை அகலப்படுத்தி முடித்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். முன்பு அந்த வழியில் கேப் ரோடு என்கிற பகுதியில் மண் சரிந்த சமயங்களில் இந்த வண்டியை வெளியே எடுக்கக்கூட நினைக்க மாட்டேன்.

இனி கூரை. நான் வாங்கியபோது அசல் துணி இல்லை. யாரோ கெட்டியான ரெக்சினில் தைத்துப் போட்டிருந்தார்கள். ஜூனில் மழை பிடித்தது, தொடையில் சொட்டியது. குடை பிடித்துக்கொண்டு கார் ஓட்டலாமா என்று ஒரு நாள் உண்மையாகவே யோசித்தேன். கார் குஷன் கடைகளில் எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் கம்பத்தில் ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் ஒருவர்தான் சரி செய்தார். சட்டத்தை விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, எங்கே துணி இழுபடுகிறது என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டார். தையல் தண்ணீர் ஓடும் வழியில் விழக் கூடாது என்றார். அவ்வளவுதான் சூட்சுமம். முந்தைய ரெக்சினில் தையல் சரியாகக் கண்ணாடிக்கு மேலே ஓடியது. அவர் தைத்தது ஏழு மழைக்காலம் தாங்கிவிட்டது. அவர் வெட்டிய காகித அளவு என்னிடம் சுருட்டி வைத்திருக்கிறது, வண்டியோடு தருகிறேன். கதவு ஓர ரப்பர்களும் வயதாகிப் பாறையாக இறுகியிருந்தன. இருபது வருட வண்டி எதிலும் அப்படித்தான் இருக்கும். அளவுக்கு நெருக்கமான ரப்பரை மீட்டர் கணக்கில் வாங்கி ஒட்டினேன்.

ஃபைபர் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காது. மலைநாட்டு ஈரத்தில் இது எவ்வளவு பெரிய வரம் என்று இங்கே தகர வண்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஆனால் இடித்தால் ஒடுங்காது, விரிசல் விடும். டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, சுத்தியலுக்கு அங்கே வேலை கிடையாது. 2017-ல் பின்பக்க மூலையை ஒரு மில்லின் தூணில் நானே இடித்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். பெயின்ட் கடைக்காரர் பட்டி வைத்துப் பூசித் தந்தார், ஆறு மாதத்தில் அதே கோடு மேலே வந்தது. பிறகு கொல்லம் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வெளிப்பக்கத்தைத் தொடவே இல்லை. உள்பக்கம் சுரண்டி, கண்ணாடி இழைப் பாயை மூன்று அடுக்காகப் பிசின் விட்டு ஒட்டி, காய்ந்த பிறகுதான் வெளியே வந்தார்கள். கடலில் அலை அடிக்கிற படகுக்கே இது போதும், உங்கள் மலைக்குப் போதாதா என்று சிரித்தார் மேஸ்திரி. இன்றைக்கு அந்த இடத்தை நான் காட்டினால்தான் தெரியும். ஒன்றை மறக்காதீர்கள்: மேலே ஃபைபர் என்றாலும் அடியில் இருக்கும் சட்டம் இரும்பு. வருடா வருடம் மழை ஓய்ந்ததும் கழுவி, சுரண்டி, ஆன்டி ரஸ்ட் அடித்திருக்கிறேன். பார்க்க வருபவர்கள் முதலில் படுத்து அதைப் பாருங்கள், பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

உதிரிபாகம்தான் உண்மையான தலைவலி. இந்த எஞ்சின் நம் ஊரில் பரவலாக ஓடிய எஞ்சின் அல்ல. டைமிங் பெல்ட் கேட்டால் கடைக்காரர் நம்மையே மேலும் கீழும் பார்ப்பார். ஆனால் பிரான்சில் இதே எஞ்சின் தெருவுக்குத் தெரு ஓடியது. என் சித்தி மகளைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தோம், மாப்பிள்ளை பாரிஸில் வேலை. அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் வரும். பதிலுக்கு நம் தோட்டத்து எட்டு மில்லிமீட்டர் பருமன் ஏலக்காய் போகும். முதல் பெல்ட் வந்தபோது அரைக் கிலோ கொடுத்தேன். இரண்டாவது செட் வந்தது 2019-ல். அந்த ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது! "மச்சான், அதே அரைக் கிலோதானே?" என்று போனில் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 2024-ல் மூன்றாவது பெல்ட் மாட்டியாகிவிட்டது. உபரியாக ஒரு செட் பெட்டியில் இருக்கிறது, அதுவும் வண்டியோடு வரும்.

அதிகம் பாடுபட்டது 2020-ல். மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் போடியில், வண்டி பூப்பாறை ஷெட்டில். நடுவில் செக்போஸ்ட். பாஸ் வாங்கி நான் மேலே போய்ச் சேர நான்கு மாதம் ஆனது. வாட்ச்மேன் பாண்டி அண்ணனிடம் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருந்தேன். செய்தார், பாவம். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார், பெட்ரோல் வீணாகக் கூடாதே என்று. அதனால் பேட்டரி ஏறவே இல்லை, இறங்கியதுதான் மிச்சம். நான் பானெட்டைத் திறந்தபோது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பஞ்சு, ஏலத்தட்டைத் துணுக்கு, என் வயரிங்கின் ஆறு துண்டுகள். எலக்ட்ரீஷியன் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வயராகத் தொடர்ந்து சேர்த்தார். ஃபைபர் உடம்பில் கரண்டு பாயாது, ஒவ்வொன்றுக்கும் எர்த் வயர் தனியாக இரும்புச் சட்டத்துக்குப் போக வேண்டும். தகர வண்டிப் பழக்கத்தில் பாடியில் எர்த் கொடுத்துவிட்டு, லைட் ஏன் எரியவில்லை என்று முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம்.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதமாக ஏறிய பிறகு பழைய ரப்பர் குழாய்களை நம்பவில்லை. டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மைலேஜ் முன்பு மலையில் 14, இப்போது 13. சமவெளியில் 17 கிடைக்கும். வாரக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். காலி டேங்க் ஈரத்தைக் குடிக்கும்.

யானையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பூப்பாறைக்காரன் எழுதியதாகவே இருக்காது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துக் கொண்டுபோன அரிக்கொம்பன் மே கடைசியில் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அவன் எங்கள் பக்கம் இருந்த காலத்தில் இருட்டிய பிறகு துணிக்கூரை வண்டியை எடுக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. பலாப்பழ சீசனில் இன்றும் பழத்தை இதில் ஏற்ற மாட்டேன். ஏலக்காய் சாம்பிள் மட்டும்தான். அந்த வாசம் சீட்டில் ஊறிவிட்டது, எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது.

பேப்பர் விஷயம். கேரளப் பதிவு, நான் இரண்டாவது உரிமையாளர். 15 வருடம் முடிந்து 2018-லும் பிறகு 2023-லும் புதுப்பித்தாயிற்று, 2028 வரை செல்லும். 2023-ல் கட்டணம் 5,000. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுத்து, இங்கே வரி கட்டி, பதிவு மாற்ற வேண்டும். என்ஓசி வேலையை நான் முடித்துத் தருகிறேன்.

ஏன் விற்கிறேன்? முழங்கால்தான். ஐம்பத்தெட்டு வயதில் இவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பதற்கு ஒரு கையைக் கதவிலும் ஒரு கையைத் தரையிலும் ஊன்ற வேண்டியிருக்கிறது. "கிணத்துல எறங்குற மாதிரி எறங்கி ஏறுறீக" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, போன மாதம் மருத்துவரும் அதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

மூன்றே கால் லட்சம் கேட்கிறேன். கொஞ்சம் குறைப்பேன், லட்சக் கணக்கில் குறைக்கச் சொல்லாதீர்கள். ஓட்டிப் பார்க்க வருபவர் காலையில் வாருங்கள், போடிமெட்டு வரை ஏறி இறங்கலாம். பக்கத்துச் சீட்டில் நான் இருப்பேன். கூட மெக்கானிக்கை அழைத்து வந்தால் நல்லதுதான், ஆனால் நாம் திரும்பி வரும் வரை அவர் முந்தல் டீக்கடையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.